அட்மிரலும் தண்ணீர் டேங்கும்

“ஆயிரம் கப்பல் வச்சிருக்கேன்னு வாய் கிழியப் பேசுவியே, ஒரு தண்ணி டேங்குக்குப் பக்கத்துல நடந்து போகத் துப்பில்லையாடா உனக்கு?”

“கத்தாதக்கா. பக்கத்து வீட்டுல கேக்கும்.”

“கேக்கட்டும்! எப்படியும் காதைத் தீட்டிக்கிட்டுதான் இருப்பாங்க!”

பக்கத்து வீடு என்றது எங்களைத்தான். இப்படியொரு பழியைக் கேட்ட பிறகு உள்ளேயே உட்கார்ந்திருந்தால் உண்மை என்றாகிவிடும். ஈரத் துண்டு ஒன்றைக் காயப்போடும் சாக்கில் நடைபாதைக்கு வந்தேன். அவர்கள் கதவு திறந்தே கிடந்தது. அது என் தப்பில்லை.

கத்தியவள் பல்செட்டு அக்கா. பல் மருத்துவருக்கான லேபில் நாள் முழுக்க அடுத்தவர் பல்லை மெழுகில் வார்த்து அரத்தால் தேய்ப்பது அவள் வேலை. அந்த அரம் நாக்கிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்பது எங்கள் மாடியின் பொதுக் கருத்து. திட்டு வாங்கியவன் அவள் தம்பி, மூக்குக் கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு ஏற்றபடி லென்ஸ் தேய்ப்பவன். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் அட்மிரல். எல்லாம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டால் வந்தது. கிரகம் பிடித்து, சுரங்கம் தோண்டி, கப்பல் கட்டி, எதிராளி கண்ணயர்ந்த நேரம் பார்த்து அடிக்கிற விண்வெளிப் போர். காசு கொடுத்தால் எல்லாம் சீக்கிரம் நடக்குமாம். இலவசமாக விளையாடுகிறவனுக்குப் பொறுமை ஒன்றுதான் ஆயுதம். அட்மிரலிடம் அது மூட்டை மூட்டையாக இருந்தது.

அந்த விளையாட்டில் அவனோடு ஒரே அணியில் இருந்தவள்தான் அவன் கட்டிக்கொள்ள விரும்பிய பெண். குடிநீர் நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். எதிரியை எப்படி அடிப்பது என்று ஆரம்பித்த பேச்சு, குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் வந்து நின்றுவிட்டது. பூங்காவிலும் ஹோட்டலிலும் சந்தித்துக்கொண்டார்கள். அவள் அப்பா, ஓய்வுபெற்ற ஃபிட்டர், ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பையன் வீட்டுக்கு வந்து, நேரில் பெண்ணைக் கேட்கட்டும். குறை சொல்ல முடியாத நிபந்தனை. ஆனால் அந்த வீடு குடிநீர் நிலையத்துக் குவார்ட்டர்ஸ். வாசலில் நின்றால் தலைக்கு நேர் மேலே தொட்டி.

முதல் ஞாயிறு காய்ச்சல் என்றான். அடுத்த ஞாயிறு வயிறு சரியில்லை என்றான். அப்பா பொறுமையிழந்துவிட்டார். வருகிற ஞாயிறும் வராவிட்டால், வீடுவீடாகத் தண்ணீர் மீட்டர் குறித்துப் போகும் மீட்டர் ரீடருக்குப் பேசி முடித்துவிடப் போகிறாராம். மீட்டர் ரீடர் அந்த வீட்டு மீட்டரை மட்டும் மற்ற வீட்டு மீட்டரைவிட அதிக நேரம் உற்றுப் பார்க்கிறவன் என்று எனக்கு வேறு வழியில் தெரியும்.

“டேங்க் என்னடா பண்ணும்? மேல விழுந்துடுமா?”

“விழாதுன்னு தெரியும்.”

“அப்புறம் என்ன?”

“பெருசா இருக்குக்கா.”

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அப்படியே அடங்கிவிட்டது. உதட்டில் ரத்தமே இல்லை.

“பெருசா, சும்மா நிக்குது. அண்ணாந்தா என் காலு தரையில இருக்கிற மாதிரியே இல்ல. நெஞ்ச அடைக்குது. கப்பல், பாலம், பெரிய புகைபோக்கி, எதப் பாத்தாலும் இப்படித்தான். சின்ன வயசுலேர்ந்தே. சொன்னா சிரிப்பேன்னுதான் உன்கிட்ட சொல்லல.”

“அந்த வெளையாட்டுல மட்டும் கிரகம் கிரகமா புடிக்கிறியே?”

“படத்தையெல்லாம் அணைச்சு வச்சிருக்கேன். எனக்கு எல்லாமே வெறும் அட்டவணை, நம்பர். ஒரு தடவ அப்டேட் வந்து படம் தானா வந்துடுச்சு. ஸ்கிரீன் முழுக்க ஒரே கிரகம். நாற்காலியோட பின்னால சாஞ்சுட்டேன்.”

“ஊர் ஒலகத்துல எவனாவது இதுக்குப் போய்ப் பயப்படுவானா?”

“நீ பஞ்சத் தொட மாட்டியே.”

யார் பல் அச்சையும் அசங்காமல் கையில் எடுக்கிற பல்செட்டு அக்காவுக்குப் பஞ்சு ஆகாது. மாத்திரை டப்பாவில் பஞ்சு அடைத்திருந்தால் தம்பி வந்து எடுக்கும்வரை தலைவலியோடு உட்கார்ந்திருப்பாளாம். விரலில் அது நெறிபடுகிற நினைப்பிலேயே உடம்பு கூசிவிடுமாம். இது எங்கள் மாடியில் யாருக்கும் தெரியாமல் இருந்தது. அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள்.

அக்கா மேஜைமேல் கிடந்த அவன் போனை எடுத்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுவிட்டாள்.

“ஐயோ, வேணாங்கா! குடு!” அவன் மேஜையைச் சுற்றி ஓடினான். அவள் எதிர்ப்பக்கமாக ஓடிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். கொட்டி முடிந்ததும் ஸ்பீக்கரில் பம்ப் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அட்மிரல் தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“இவ்ளோதானா?” என்றாள் அவள் கடைசியில். “வேற எங்கயோ பொண்டாட்டி, புள்ள இருக்கோன்னு ரெண்டு வாரமா சோறு எறங்கலக்கா எனக்கு. அவன்கிட்ட குடுங்க. ஏய், இருக்கியா? கப்பல அனுப்பிட்டா எதுவரைக்கும் ரீகால் பண்ணலாம்?”

“போய்ச் சேர்றவரைக்கும்.” குரல் முழங்காலுக்குள்ளிருந்து வந்தது.

“ஏன் திருப்புனேன்னு எவனாவது கேப்பானா?”

“கேக்க மாட்டாங்க.”

“அதே மாதிரி வா. எந்த எடத்துல வேணா திரும்பிக்கோ. நான் ஏன்னு கேக்க மாட்டேன். உங்கக்காவும் கேக்கக் கூடாது.”

கப்பல்களை அனுப்பிய பிறகும், அவை போய்ச் சேருமுன் நினைத்தபோது திரும்ப அழைத்துக்கொள்ளலாம். அந்த விளையாட்டில் அதற்குப் பெயர்தான் ரீகால். அவன் தைரியமாகக் கப்பல் அனுப்பியதெல்லாம் அந்த ஒரு பொத்தானை நம்பித்தான்.

அந்த வாரம் தினமும் சாயங்காலம் ஒத்திகை. முதலில் மெடிக்கல் ஷாப்வரை போனான். அங்கிருந்து பார்த்தால் கூரைகளுக்கு மேலே தொட்டியின் உச்சி மட்டும், யாரோ ஒளிந்து பார்க்கிற மாதிரித் தெரியும். திரும்பிவிட்டான். மறுநாளும் திரும்பினான். பிறகு பள்ளிக்கூடச் சுவர்வரை போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பினான். பின்னாலேயே போன அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வாழ்நாளில் இருந்த ஒரே விரதம் அதுவாகத்தான் இருக்கும். சனிக்கிழமைவரை அவன் அந்தச் சுவரைத் தாண்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, “துணைக்கு வாங்களேன்,” என்று அக்கா என்னைக் கூப்பிட்டாள். நான் அதற்கு முன்பே புடவை மாற்றியிருந்தேன்.

அவன் காதில் போன். மறுமுனையில் அவள் என்ன பேசினாளோ, இவன் “ம், ம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டு நடந்தான். சட்டையின் முதுகு மெடிக்கல் ஷாப் வருவதற்குள்ளேயே வியர்வையில் நனைந்துவிட்டது. பள்ளிக்கூடச் சுவர் முடிகிற இடத்தில் தெரு வளைந்ததும் தொட்டி முழுசாக முன்னால் வந்து நின்றது. எத்தனையோ தடவை அந்தப் பக்கம் போயிருக்கிறேன், ஒருநாளும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். பருத்த சிமெண்ட் கால்கள், நடுவில் ஏணி, வயிற்றில் பச்சையாகப் பாசி வழிந்த கறை. பார்க்கப் பார்க்க அது இன்னும் பெரிதாகிற மாதிரி இருந்தது. நான் பார்வையைச் செருப்புக்கு இறக்கிக்கொண்டேன்.

அட்மிரல் நின்றான். அக்கா என் கையைப் பிடித்து நெரித்தாள். திரும்பப் போகிறான் என்றே நினைத்தேன். அவன் ஒரு கால் எடுத்து வைத்தான். பிறகு இன்னொன்று. கேட்டுக்குள்ளே அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்காமல் கேட்டைத் தாண்டி, தொட்டியின் நிழலுக்குள் போய்விட்டான்.

போயேவிட்டான்! அக்காவுக்குக் கண் கலங்கியது.

அப்பா வாயெல்லாம் பல்லாக இறங்கி வந்தார். அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்களை உள்ளே விட்டு, பின்னால் போய் இரும்புக் கேட்டைச் சாத்தி, தாழ் போட்டு, பூட்டையும் மாட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“இவ்ளோ நாள் டிமிக்கி குடுத்த ஆளு. இனி எப்படி ஓடுறாருன்னு பாத்துடலாம்!” என்று சிரித்தார். மாமனார் அடிக்கிற ஜோக்தான். வேறு எந்த மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பான்.

பூட்டின் சத்தத்தில் அட்மிரல் அண்ணாந்து பார்த்துவிட்டான்.

கேட்டில் போய் மோதினான். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உலுக்கினான். மூச்சு உள்ளே போகிற சத்தம் கேட்டது, வெளியே வருகிற சத்தம் கேட்கவில்லை.

“தொறங்கய்யா மொதல்ல!” என்று அலறினாள் அக்கா.

“ஏன்? எங்க வீடென்ன ஜெயிலா?” அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. “வாசப்படி மிதிக்கல, அதுக்குள்ள என்ன ஓட்டம்? என்ன கொறையக் கண்டீங்க இங்க?”

“கொறையெல்லாம் ஒண்ணுமில்லங்க, தொறங்க!”

“காரணத்தச் சொல்லுங்க, தொறக்குறேன்.”

அவன் கம்பியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தான். பெண் ஓடிவந்து அப்பாவின் பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். பை கிழிந்தது. பூட்டைத் திறந்தாள், அவனைக் கைத்தாங்கலாகத் தூக்கி வெளியே கொண்டுபோனாள்.

“ஏம்மா, நீ எங்க போற?”

“இவன்கூட.”

“அவனே திரும்பிப் போறாம்மா!”

“ஆமாப்பா. நானும் போறேன்.”

வீட்டுச் செருப்போடு நடந்தாள். வழி முழுக்க அவனை ஒரு கேள்வி கேட்கவில்லை. பள்ளிக்கூடச் சுவரருகே அவனாகவே வாயைத் திறந்தான்.

“வாசல்வரைக்கும் வந்துட்டேன்ல?”

“வந்துட்ட.”

அவள் உடனே வீடு திரும்பவில்லை. அக்கா வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே அப்பாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். “நீங்க இங்க வாங்கப்பா. வந்தாத்தான் கெளம்புவேன்.” எதிர்முனை பட்டென்று வைத்துவிட்டது. மீட்டர் ரீடர் வீட்டுக்குத்தான் போயிருப்பார் என்று அக்கா முணுமுணுத்தாள். அட்மிரல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் படியில் செருப்புச் சத்தம். கிழிந்த பையோடு அதே சட்டையில் அப்பா வந்து நின்றார். அட்மிரல் எழுந்துவிட்டான்.

“பயம்னு மொதல்லயே சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே, தம்பி.”

“சிரிப்பீங்கன்னு நெனச்சேன்.”

“சிரிச்சிருப்பேன்,” என்றார் அவர். “சிரிச்சுட்டு வந்திருப்பேன்.”

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. அது தரைத்தளம், சின்னக் கட்டடம். பெண் ஊரின் மறுகோடியில் நீரைப் பூமிக்கடியில் தேக்கும் நிலையத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். அப்பாவும் அவர்களோடே போனார். மீட்டர் ரீடர் கண்ணாடிக் கடைக் கேஷியரைக் கட்டிக்கொண்டான். பல்செட்டு அக்கா, லேபுக்குப் பார்சல் கொண்டுவரும் கூரியர்காரரை மணந்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அந்த மனிதர் வாரம் தவறாமல் எங்கள் படியேறி வந்துகொண்டிருந்ததை எல்லோரும்தான் பார்த்தோம். எங்கள் மாடியில் ஒருத்தருக்கும் ஒரு பார்சலும் வந்ததில்லை என்பது, என்னையும் சேர்த்து, ஒருவருக்கும் உறைக்கவில்லை.