சாயமில்லாத பச்சை

வார்னிஷ் பட்டறையின் மேலாளர் தன் அறையில் நானும் அக்காவும் செய்து கொண்டுபோன மெல்லிய படலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது வண்டின் முதுகைப் போலப் பச்சையாக மின்னியது.

"சாயத்தைப் பூசிக் கொண்டாந்து எனக்கே காது குத்துறீங்களா?" என்றார்.

அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "சொட்டுச் சாயம் கிடையாது சார். பஞ்சுக் கழிவுல நாங்க செஞ்சது. உள்ள மெல்லிசா அடுக்கடுக்கா இருக்கு, அதுல வெளிச்சம் பட்டுத்தான் பச்சையா தெரியுது. வார்னிஷ்ல கலக்குற தின்னரோட ஆவி பட்டா அடுக்கு உப்பும், நிறம் மாறும். உங்க ஆளுங்களுக்குத் தலை சுத்தறதுக்கு முன்னாடியே காத்து கெட்டுருச்சுன்னு தெரிஞ்சிரும்."

"அப்படியா? தேய்ச்சுப் பாத்துருவோம்."

அவர் பஞ்சைத் தின்னரில் முக்கினார். தடுக்கப் பாய்ந்த அக்காவின் கையை நான் பிடித்துக்கொண்டேன். தானாக வந்து மாட்டுகிறவரை ஏன் தடுக்க வேண்டும்?

பஞ்சு படலத்தைத் தொடக்கூட இல்லை. ஒரு விரல் தூரத்திலேயே பச்சை மஞ்சளானது, மஞ்சள் சிவந்தது. அவர் கையை இழுத்தார், பச்சை திரும்பியது. மறுபடி நீட்டினார், மறுபடி சிவந்தது.

"நல்லாத் தேயுங்க சார், சாயம் வெளுக்குதான்னு பாப்போம்" என்றாள் அக்கா.

அவர் படலத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் நடந்தார். வார்னிஷ் பூசும் மேசைக்கு மேலே சுவரில் வைத்ததுமே, பஞ்சு எதுவும் இல்லாமல், அது இரத்தமாகச் சிவந்தது. வேலையாட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மேலாளர் யாரையும் ஏவவில்லை. தானே போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். கடைசி ஜன்னலும் திறந்த பிறகு, சுவரில் மெல்லப் பச்சை திரும்பியது.

அக்கா விசிலடித்தாள்.