தண்ணீர் தாங்கும் நிலம்

விஸ்வநத்தத்துக்குக் கிழக்கே இருந்த கண்மாயின் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் பக்கம், கரைக்கு நேர் எதிரே, சண்முகத்தாய்க்கு மூன்று ஏக்கர் பட்டா நிலம் இருந்தது. கல்யாணத்தின்போது அவளுடைய அப்பா அவள் பெயருக்கே எழுதிக் கொடுத்தது. மேல்பாதி சரளை மேடு. கீழ்ப்பாதி கண்மாய்க்குள் சரிந்து இறங்கும். மழை அரைகுறையாகப் பெய்த வருஷங்களில் அந்தச் சரிவில் கம்பும் உளுந்தும் வீடு கொள்ளாமல் விளையும். கண்மாய் பெருகிவிட்டாலோ தை முடியும்வரை அங்கே தண்ணீர்தான். கரைக்கு அந்தப்புறம் ஊரே நெல் நட்டுக்கொண்டிருக்க, அவளும் புருஷன் பெத்தணனும் கூலிக்கு நாற்றுப் பறிக்கப் போவார்கள். ஊருக்கு நல்ல வருஷம் என்றால் அவளுக்குக் கெட்ட வருஷம்.

1961 சித்திரையில் சிவகாசியிலிருந்து சங்கரபாண்டியன் வந்தார். பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தவர். ஆர்டர் பெருகி, ஊருக்கு வெளியே இரண்டாவது கம்பெனிக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். வெயிலில் காய்ந்து கிடந்த மூன்று ஏக்கரையும் நடந்து பார்த்துவிட்டு, மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தப் பணத்தில், தங்களுக்கு வேறிடத்தில் இருந்த கரிசல் காட்டில் ஒரு கிணறு வெட்டிவிடலாம் என்று சண்முகத்தாய் ஒப்புக்கொண்டாள். கார்த்திகையில் பத்திரம் என்று பேச்சு.

சேதி பரவியதும் கண்மாய்ப் பாசனக்காரர்கள் கரையில் கூடி அவளை அழைத்தார்கள். அவர்களில் முன்னால் நின்று பேசியவன் கருப்பணன். அவளுக்குக் கொழுந்தன் முறை.

"மதினி, கம்பெனி அண்ணாச்சி அந்தப் பள்ளத்துல மண்ணடிச்சு மேடாக்கத்தான் போறாரு. அங்கன நிக்கிற அம்புட்டுத் தண்ணியும் எங்க போகும்? இந்தக் கரையில வந்து முட்டும். கரை ஒடைஞ்சா எங்க நெல்லெல்லாம் பாளாப் போகுமே."

"அது என் பட்டா நெலம், கொழுந்தனாரே."

"பட்டா உங்களோடதுதான். தண்ணி ஊருத் தண்ணியில்ல?"

"ஊருத் தண்ணி முப்பது வருசமா என் நெலத்துலதான படுத்துக் கெடக்கு?" சண்முகத்தாய் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மடை தெறக்குறவருக்குக் களத்துல கதிர்க்கட்டு குடுக்கீக. காவக்காரருக்குக் குடுக்கீக. தண்ணியத் தாங்குற நெலத்துக்கு என்ன குடுத்தீக?"

ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, நிலம் அவளுடையதுதான், விற்க அவளுக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டார். ஜெயித்துவிட்டாள். ஆனால் மறுநாள் குடிதண்ணீர்க் கிணற்றில், தினமும் அவளிடம் வாய் ஓயாமல் பேசும் கருப்பணன் பெண்டாட்டி வீரலட்சுமி, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பேசாமல் போனாள். அது மட்டும் சண்முகத்தாய்க்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஐப்பசியில் ஐந்து நாள் விடாமல் மழை அடித்தது. ஆறாம் நாள் வெயில் எட்டிப் பார்த்தபோது கண்மாய் தளும்பி நின்றது. உடனே வந்து இடத்தைப் பார்க்கும்படி சண்முகத்தாய் சங்கரபாண்டியனுக்கு ஆள் அனுப்பினாள்.

பெத்தணன் தலையைச் சொறிந்தான். "இன்னும் பத்து நாள்ல பத்திரம். இப்பப் போயி ஏன் கூப்பிடுத?"

"தண்ணி வரும்னு சொன்னதுக்கு அவரு லேசாத் தலையாட்டிட்டுப் போனாரு. காஞ்ச நெலத்தக் காட்டி கொளத்த வித்தேன்னு நாளைக்கு அவரு சொல்லக் கூடாது."

சங்கரபாண்டியன் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார். பத்தடி வைப்பதற்குள் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. நின்றுவிட்டார்.

"இம்புட்டு நிக்கும்னு நான் நெனைக்கல, தாயி." கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "போகட்டும். எரநூறு லோடு சரளை அடிச்சா மேடாயிரும்."

சண்முகத்தாய் எதிர்க்கரையைப் பார்த்தாள். பாசனக்காரர்கள் எல்லாரும் அங்கே நின்றார்கள். கருப்பணன் மார்பளவு தண்ணீரில் இறங்கி, மேலிருந்து கொடுத்த மண் மூட்டைகளை வாங்கிக் கரையில் அணைத்து மிதித்துக்கொண்டிருந்தான். கரைக்குப் பின்னால் நட்ட நெல் அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது. இருநூறு லோடு மண் விழுந்தால் இந்தத் தண்ணீர் அந்த ஆட்களின் மேல்தான் போய் ஏறும். அதைக் காதால் கேட்டபோது வராத பயம் கண்ணால் பார்த்தபோது வந்தது.

"அண்ணாச்சி, மேப்பாதிய மட்டும் வாங்கிக்கிடுங்க."

"ஒண்ணரை ஏக்கர் பத்தாதே. வெடிமருந்துக் கட்டடம் ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளி இருந்தாத்தான் லைசென்ஸ் குடுப்பாக."

"மேட்டுல எனக்கு அடுத்தாப்புல ரெண்டு ஏக்கர் பொட்டல் கெடக்கு. கேட்டுப் பாப்போம், வாங்க."

கண்மாயைச் சுற்றிக்கொண்டு இருவரும் கரைக்குப் போனார்கள். பொட்டல் கருப்பணனுடையது. அவன் சேறு வழிய மேலே ஏறி வந்து, விஷயத்தைக் கேட்டு முகத்தைச் சுளித்தான்.

"அங்கன என் ஆடு மேயுதே, மதினி."

"என் நெலத்துல உங்க கண்மாய் மேயலையா?"

மூட்டை தூக்கிக்கொண்டிருந்த சின்னச்சாமி முதலில் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கருப்பணனும் சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டான்.

அந்தச் சிரிப்போடு கரையிலேயே உட்கார்ந்து பேசினார்கள். மேடும் பொட்டலும் அண்ணாச்சிக்கு. சரிவு என்றைக்கும் சண்முகத்தாய்க்கு. அதில் ஒரு கூடை மண்கூட யாரும் கொட்டக் கூடாது. கண்மாய் பெருகுகிற வருஷம் பாசனக்காரர் ஒவ்வொருவரும் களத்தில் அவளுக்கு இரண்டு கதிர்க்கட்டு கொடுக்க வேண்டும். இரண்டு என்று சொன்னது கருப்பணன்தான். அவள் ஒன்றுதான் கேட்டிருந்தாள்.

"இன்னொண்ணு, அண்ணாச்சி. மருந்து களுவுன தண்ணி கண்மாய்க்குள்ள எறங்கக் கூடாது. ஆடுமாடு குடிக்கிற தண்ணி."

"மேட்டுக்கு அந்தப்பக்கம் குளி வெட்டி அதுல விடச் சொல்லுதேன். பத்திரத்துலயும் எளுதிருவோம்," என்றார் சங்கரபாண்டியன். கிளம்பும்போது, "நீங்க கூப்பிடலைன்னா மருந்து காயப்போட எடமில்லாம அடுத்த மளையில தவிச்சிருப்பேன், தாயி," என்றும் சொன்னார்.

பாதி நிலத்துக்குப் பாதிப் பணம்தான். நினைத்த அளவு அகலமாகக் கிணறு வெட்ட முடியவில்லை. சிறியதாக வெட்டினார்கள். நாற்பதடியில் ஊற்றுக் கண்டது; பெத்தணன் உள்ளே இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, உப்பில்லை என்று கீழே இருந்தே கத்தினான்.

மாசியில் அறுப்பு. முதல் கதிர்க்கட்டைத் தலையில் சுமந்துகொண்டு வந்தவள் வீரலட்சுமி. வாசலில் இறக்கிப் போட்டுவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"சாப்பிட்டீகளா, அக்கா?"

"இப்பத்தான் கொளம்பு எறக்குனேன். தண்ணி வத்துற சரிவுல அவரு கெண்டை பிடிச்சாந்தாரு. உள்ள வா."

வீரலட்சுமி உட்கார்ந்தாள். மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். நடுவே மீனில் முள் அதிகம் என்று குறை சொன்னாள். சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டாள்.