மாமியார் வாயில் வந்ததெல்லாம்

லிஃப்ட் மெக்கானிக்கை அவருடைய மாமியார் தேவாங்கு என்று திட்டிய மறுநாள் காலை ஆறே காலுக்கு, ஒரு தேவாங்கு மூன்று மாடி படியேறி வந்து, கதவு திறக்கும்வரை செருப்பு ஸ்டாண்டின் மேல் காத்திருந்தது. உள்ளே வந்ததும், பல் தேய்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்கை உருண்டைக் கண்களை இமைக்காமல் கால் மணி நேரம் பார்த்தது. தன் பெயரை யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று சரிபார்க்கத்தான் வந்திருந்தது. பார்த்ததில் அதற்கு மகிழ்ச்சி இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் திரும்பிப் போகாமல் ஃபிரிட்ஜின் மேல் தங்கிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் இதோடு வாயைக் கட்டியிருப்பார்கள். அந்த அம்மாளுக்குத் திட்டுவதுதான் மூச்சு. ஒரே மாதத்தில் ஆந்தை வந்து டியூப்லைட்டின் மேல் உட்கார்ந்தது. வௌவால் வந்து, துணிக்கொடியில் காயும் சட்டைகளோடு சட்டையாகத் தொங்கியது. உடும்பு வந்து மெக்கானிக்கின் கருவிப் பையைப் பிடித்தது, விடவில்லை. மாமியாரின் மகள், பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள், ஆந்தைக்கு முதுகைக் காட்டியபடி உடை மாற்றப் பழகிக்கொண்டாள். இதென்ன கூத்து என்று கேட்க வந்த வீட்டுக்காரரை மாமியார் மரநாய் என்றார். அது மறுநாள் நேராக வீட்டுக்காரரின் கட்டிலில் போய்ப் படுத்தது.

"இனிமே ஒரு ஜந்து இந்தப் படியேறிச்சு, நீங்க மூணு பேரும் படியிறங்கணும்" என்றார் வீட்டுக்காரர்.

மகள் கையெடுத்துக் கும்பிட்டதால் மாமியார் வாயை மூடினார். மூடிய வாயைச் சாப்பிடவும் திறக்கவில்லை. எட்டாம் நாள் அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, திட்டாத வார்த்தைகள் தொண்டையில் கட்டிக் கிடக்கின்றன, இன்னும் ஒரு வாரம் தாங்குவதே கஷ்டம் என்று, ரத்த அழுத்தத்தைச் சொல்லும் அதே குரலில் சொன்னார்.

மெக்கானிக் அன்று வேலைக்குப் போகவில்லை. பதினோரு வருடமாகத் தினமும் திட்டு வாங்கியவருக்கு, அது இல்லாத வீட்டில் சோறு இறங்கவில்லை. மாமியார் மேல் தனக்குப் பாசம் இருக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. நூலகத்திலிருந்து விலங்குப் படப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். மூக்கைச் சுற்றி இருபத்திரண்டு விரல் முளைத்த அகழெலியைப் பார்த்ததும் மாமியாரின் உதடு துடித்தது. கால் இருக்கிறது என்று மெக்கானிக் அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினார். கடைசியில் ஓர் ஆழ்கடல் மீன் வந்தது. பிசைந்த மாவுக்கு மூக்கு வைத்தது போன்ற முகம், தொங்கும் உதடு, உலகத்தின் மேலேயே சலிப்பு.

"அத்தே, இதுக்குக் காலே இல்ல. படியேறாது. தைரியமா திட்டுங்க."

மாமியார் மீனைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். தொண்டை அசைந்தது.

"ஏன்டி, இந்தத் தொளதொளத்த மூஞ்சி மீனுக்கா உன்னப் புடிச்சிக் கட்டிக் குடுத்தேன்!"

அடுப்படியில் மகள் கரண்டியைப் போட்டுவிட்டு அழுதாள்.

மீன் மறுநாள் காலை குழாய் வழியாக மொட்டைமாடித் தொட்டிக்கு வந்து சேர்ந்தது. ஆழம் இல்லாமல் அதற்கு வாழத் தெரியாது என்பதால் ஆழத்தையும் கூடவே கொண்டுவந்திருந்தது. மூடியைத் திறந்த மெக்கானிக்கை மேலே வந்து பார்த்து, சொந்தக்காரரைக் கண்ட திருப்தியோடு கீழே போனது. வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த பன்னிரண்டு மாடி லிஃப்டின் கம்பிவடத்தில் இரும்புக் குண்டைக் கட்டி இறக்கியும் அடி தட்டவில்லை. சத்தம் போட வந்த வீட்டுக்காரர், நாலடித் தொட்டியில் இனி தண்ணீர் தீராது, மோட்டார் போட வேண்டாம் என்று புரிந்ததும், படியேறும் ஜந்துவைப் பற்றி மட்டும்தானே தான் பேசியது என்றார்.

அன்று மாமியார் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். ஒரு மடக்கு குடித்தார்.

"என்னடி காபி இது? வாயில வைக்க முடியல, உப்புக் கரிக்குது!"

மகளும் மருமகனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அடுத்த நாளிலிருந்து குடிக்கும் தண்ணீரை மட்டும் கேனில் வாங்கினார்கள்.