ஜேஜூவுக்குப் போனவர்கள்

கொரியாவின் டேகு நகரச் சந்தைக்குப் பின்னால், மேசையிலேயே அடுப்பு வைத்துக் கறி சுட்டுத் தின்னும் கடையில் தோழிகள் நால்வரும் கூடினால் இடுக்கி சுன்தோக்கின் கைக்குத்தான் போகும். நூற்பாலை விடுதியில் ஒரே அறையில் கிடந்த காலத்திலிருந்தே சமையல் அவள் பாடு. மற்ற மூவரும் கதை பேசி சோஜு சாராயம் ஊற்றிக்கொள்வார்கள். சுன்தோக் புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பன்றிக்கறியைப் புரட்டுவாள், கத்தரிக்கோலால் துண்டு போடுவாள், வெந்ததை அவரவர் தட்டுக்குத் தள்ளுவாள். கடைசியில் மிஞ்சும் தீய்ந்த ஓரம் அவளுக்கு. அதை அவள் ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

புருஷன் இறந்தபின் அவள் வெளியே சாப்பிட வருவது இதுதான் முதல் தடவை. போன இலையுதிர் காலத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். இப்போது தெருவெல்லாம் செர்ரி பூத்துக் கிடந்தது. வீட்டில் உதட்டுச்சாயம் பூசி, துடைத்து, மறுபடி பூசிக்கொண்டு கிளம்பி வந்திருந்தாள்.

கும்ஹிக்கு அதற்குள் போதையில் முகம் சிவந்துவிட்டது. லெட்டூஸ் கீரை இலையில் கறியும் பூண்டும் வைத்து மடித்து, வாய் நிறைய அடைத்துக்கொண்டு, "இதெல்லாம் ஒரு கறியாடி? ஜேஜூல தின்னோமே கறுப்புப் பன்னி, அதோட கால்தூசிக்கு வருமா?" என்றாள்.

மியோங்ஜா மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள். மிதித்தது சுன்தோக்குக்கும் தெரிந்தது.

"ஜேஜூக்கு எப்ப போனீங்க?"

ஒக்ரான் தட்டிலிருந்த கிம்ச்சி ஊறுகாயைக் கிளறினாள்.

"உங்களத்தான் கேக்குறேன்."

"போன மாசம். சும்மா ரெண்டு நாளு," என்றாள் மியோங்ஜா. "உங்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தோம்..."

"மூணு பேருமா?"

"வீட்டுக்காரங்களோட. ஜோடி ஜோடியா போனோம்டி. நடுவுல நீ ஒத்தையா நின்னா உனக்குத்தானே மனசு கஷ்டம்?"

"என் மனசுக்குக் கஷ்டம்னு யாரு சொன்னா? எங்கிட்ட கேட்டீங்களா?"

"அட, கோவிச்சுக்காத," என்றாள் கும்ஹி. "உல்லாசமா போற எடத்துல நீ அழுதுக்கிட்டு இருந்தா, எங்களுக்கும்தான் எப்படி இருக்கும்?"

சுன்தோக்குக்குக் காதுமடல்வரை சூடேறியது. அறுபது வயது முடிந்ததும் நால்வருமாக ஜேஜூ தீவுக்குப் போக வேண்டும் என்று முதன்முதலில் சொன்னவளே அவள்தான். விமானத்தில் ஏறியறியாதவள் நால்வரில் அவள் ஒருத்திதான்.

"செத்தது அவருடி," என்றாள். "நான் இல்ல."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவாப் பேசுடி, எல்லாரும் பாக்குறாங்க," என்றாள் மியோங்ஜா.

"பாக்கட்டும்! சாவு வீட்டுல என் கையப் புடிச்சுக்கிட்டு, 'நாங்க இருக்கோம்டி'ன்னு அழுதீங்களே, இருந்த லட்சணம் இதுதானா? கறி சுடுறதுக்கு நான் வேணும், ஊருக்குக் கூட்டிட்டுப் போக மட்டும் ஆகாதவளாயிட்டேனா?"

கறி கருகிப் புகைந்தது. மூவரில் ஒருத்திக்கும் அதைப் புரட்டத் தோன்றவில்லை.

சுன்தோக் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். தப்பு செய்தவர்கள் உட்கார்ந்து தின்ன, நான் எதற்குப் பட்டினியாகப் போக வேண்டும் என்று தோன்றியது. திரும்பி வந்து சன்னலோர மேசையில் உட்கார்ந்தாள்.

"முதலாளியம்மா, இங்க அடுப்பு மூட்டுங்க."

"ஒத்த ஆளுக்கு மூட்டுறதில்லம்மா. கொறஞ்சது ரெண்டு பேர் கறி வாங்கணும்."

"கொண்டாங்க. ரெண்டையும் நானே திம்பேன்."

முதலாளியம்மா தோழிகளின் மேசையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். தணல் கொண்டுவந்து வைத்தாள்.

முதல் துண்டு கொழுப்பு சொட்டச் சொட்ட சுன்தோக்கின் வாய்க்குப் போனது. இரண்டாவதும் அப்படியே. பாதித் தட்டு காலியானபோது ஒக்ரான் தன் கிண்ணத்தோடு வந்து எதிரே நின்றாள்.

"உன்னையும் கூப்பிடுவோம்னு எனக்குத் தோணுச்சு. எங்க வீட்டுக்காரரு மொகத்த சுளிச்சாரு, நானும் பேசாம இருந்துட்டேன். தப்புதான்டி."

"தப்புதான்."

"உக்காரட்டுமா?"

சுன்தோக் தடுக்கவில்லை. கறியை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "அடுத்த வாரம் ஜேஜூ போறேன். தனியா."

"நானும் வரட்டா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

கோபம் இன்னும் ஆறவில்லை. முதலாளியம்மாவைக் கூப்பிட்டு, குளிர்ந்த நூடுல்ஸும் ஒரு கிண்ணம் கேட்டாள்.