பெரியப்பா இல்லாத மேடை

எங்கள் இசைக்குழுவில் பெரியப்பா என்றால் அது என் கிதார் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப்தான். அந்தக் காலத்து வால்வு ஆம்ப். இரண்டு ஸ்பீக்கர், உள்ளே செங்கல் செங்கலாக டிரான்ஸ்ஃபார்மர். காரில் அவருக்குப் பின்சீட் முழுவதும் வேண்டும். சூடாவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். படியேற இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடிக்க வேண்டும். ஆனால் வாயைத் திறந்துவிட்டால் மண்டபமே கப்சிப். பெயர் பொருத்தமாக அமைந்துவிட்டது.

போன மாதம் காரிலிருந்து அவரை இறக்கும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டது என்று மரியாதையாகச் சொல்கிறேன். குனிந்தவள் நிமிர முடியாமல், பார்க்கிங்கில் வாட்ச்மேனுக்கு வெகு நேரம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தேன். பிசியோதெரபிஸ்ட் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "அரை பக்கெட் தண்ணிக்கு மேல எதையும் தூக்கக் கூடாது. தூக்குனா அடுத்தது ஆபரேஷன்தான்" என்றார்.

குழுவை நடத்துபவர் கீபோர்டு வாசிக்கும் மாஸ்டர். செய்தியைக் கேட்டதும், "உடம்பப் பாத்துக்கம்மா" என்று ஆரம்பித்தார். அவர் அப்படி ஆரம்பித்தாலே பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

"ஆனா பெரியப்பா சவுண்டுதான் நம்ம சவுண்டு. சனிக்கிழமை ஹோட்டல் ஷோ மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. உன்னால கொண்டு வர முடியலன்னா, எனக்குத் தெரிஞ்சு ஒருத்தன் இருக்கான். நல்லா வாசிப்பான், அவனே இந்த மாதிரி ஆம்ப் வெச்சிருக்கான், அவனே தூக்குவான்."

"அப்ப நான்?"

"நீ ரெஸ்ட் எடு."

எங்கள் குழுவில் ரெஸ்ட் என்று போனவர்களை யாரும் திரும்பக் கூப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அழுகையும் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. அந்த மேடையை விட்டால் எனக்கு வேறு எது இருக்கிறது? கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் பேஸ் கிதார் வாசிக்கும் என் தம்பி, "நான் தூக்குறேன்க்கா" என்றான்.

"உன் ஆம்ப்ப யாருடா தூக்குவா? போடா, வேலையப் பாரு" என்றேன்.

மறுநாளே கடைக்குப் போனேன். எதையும் வாசித்துப் பார்க்கவில்லை. தர்பூசணி வாங்குவது போல ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திப் பார்த்தேன். வால்வு இல்லாத, ஒரே ஸ்பீக்கர் வைத்த சின்ன ஆம்ப் ஒன்று ஒற்றைக் கைக்கு அடங்கியது. பழைய வால்வு ஆம்ப்பின் குரல் அப்படியே வரும் என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஹாலில் தரையில் வைத்து, நின்றுகொண்டு வாசித்தேன். டப்பாவுக்குள் அடைத்த கொசு மாதிரி இருந்தது. எல்லாக் குமிழ்களையும் திருகினேன். கொசுவுக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம்.

எதிர் சோபாவில் படுத்திருந்த என் வீட்டுக்காரர், "நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. மிக்ஸி சத்தத்தையும் நல்லாருக்குன்னு சொல்ற ஆளு நீங்க."

வெறுத்துப்போய், முதுகுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியையாவது செய்வோம் என்று தரையில் மல்லாந்து படுத்தேன். கிதாரைக் கழற்றக்கூட மனமில்லை, அது வயிற்றின் மேல் கிடந்தது. சும்மா எல்லாத் தந்தியையும் சேர்த்து ஒரு தட்டு தட்டினேன்.

பெரியப்பா பேசினார்.

மெதுவாக எழுந்து நின்று தட்டினேன், கொசு. மறுபடி படுத்துத் தட்டினேன், பெரியப்பா! அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பெரியப்பாவுக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கால்கள் உண்டு. அவர் பின்னால் சாய்ந்து நின்று நேராக என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். இது பாவம், தரையில் உட்கார்ந்து என் கணுக்காலிடம் பேசிக்கொண்டிருந்தது. கணுக்காலுக்கு என்ன இசை ஞானம் இருக்கும்?

நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் சோபாவிலிருந்து உருண்டார். "என்னாச்சு? முதுகா?"

"முதுகில்லங்க, காது! அந்த ஸ்டூல எடுங்க!"

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்குப் போனால், மாஸ்டர் சொன்ன ஆள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். சட்டைக் கை கிழிந்துவிடுவது போன்ற புஜங்கள். பெயரைக் கேட்காமலே பயில்வான் என்று வைத்துக்கொண்டேன். மாஸ்டர் என் கையைப் பார்த்தார்.

"இது என்னம்மா, டிபன் பாக்ஸா?"

"ஒரே ஒரு பாட்டு மாஸ்டர். சரியில்லன்னா நானே கெளம்பிடுறேன்."

அங்கே கிடந்த ஒரு ஸ்டூலைப் போட்டு, ஆம்ப்பை அதில் ஏற்றி, அடியில் கட்டை கொடுத்துச் சற்றே பின்னால் சாய்த்தேன். வாசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், பெரியப்பாவின் அடித்தொண்டை உறுமலில் ஒரு பிடி குறைந்துதான் இருந்தது. மாஸ்டரின் புருவம் ஏறியது. நான் விடவில்லை. டிரம்ஸும் பேஸும் சேர்ந்துகொண்டன, பாட்டு வேகமெடுத்தது, நடுவில் என் தனி வாசிப்பு வந்தது. கொஞ்ச நஞ்சமா வாசித்தேன்? சுவர் அதிர வாசித்தேன்.

திடீரென்று தம்பி வாசிப்பதை நிறுத்திவிட்டான்.

"மாஸ்டர், என் பேஸ் எனக்கே இன்னைக்குத்தான் ஒழுங்கா கேக்குது!"

உண்மைதான். இத்தனை வருடமாகப் பெரியப்பாவின் உறுமல் அவன் வாசிப்பை மொத்தமாக விழுங்கிக்கொண்டிருந்தது. எது குறை என்று நான் பயந்தேனோ, அந்த இடத்தில்தான் தம்பியின் பேஸ் தெளிவாக வந்து உட்கார்ந்தது. மாஸ்டர் தாடையைத் தடவினார், ஸ்டூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"முதல்லருந்து எடுப்போமா?" என்றார்.

பிடிக்காத எதையும் அவர் இரண்டாவது முறை கேட்டதில்லை. பயில்வான் மெல்ல என் பக்கத்தில் வந்து குனிந்தார். "அக்கா, இது எந்தக் கடையில வாங்குனீங்க? வெளிய சொல்லாதீங்க, எனக்கும் முதுகுவலிதான்."

சனிக்கிழமை மூன்றாவது மாடி மண்டபம் நிரம்பி வழிந்தது. என் தனி வாசிப்பு முடிந்ததும் மாஸ்டரே கீபோர்டை விட்டுவிட்டுக் கை தட்டினார். அவர் கை தட்டி நான் பார்த்ததே இல்லை.

ஷோ முடிந்தால், இத்தனை வருடமாக நான்தான் கடைசி. இரண்டு ஆண்கள் கையொழிந்து வரும்வரை பெரியப்பாவின் பக்கத்தில் நின்றுகொண்டு, போகிற வருகிற எல்லோரிடமும், "கொஞ்சம் ஒரு கை பிடிக்கிறீங்களா?" என்று இளித்துக்கொண்டிருப்பேன். அந்த இளிப்பு எனக்கு எவ்வளவு வலித்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மற்றவர்கள் ஒயர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே தோளில் கிதார், ஒரு கையில் ஆம்ப் என்று கிளம்பிவிட்டேன்.

"ஏம்மா, தூக்க ஆள் வர வேணாமா?" என்று மாஸ்டர் பழக்கதோஷத்தில் கத்தினார்.

"எதுக்கு மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டு, மூன்று மாடியும் தனியாக இறங்கினேன். காரைத் திறக்க ஒரு கை சும்மாவே இருந்தது.