ஒரு குட்டான் பனங்கட்டி

ஆடு எழும்பவில்லை. முதல் நாள் பின்னேரத்திலிருந்து கொட்டில் சுவரில் தலையை முட்டுக்கொடுத்தபடி கிடந்தது. மூச்சில் அழுகிய பழத்தின் மணம்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பண்டத்தரிப்புக் கடைகள் பால்மாவைக் கண்டே கனகாலம். என் மகள் அருந்ததிக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. நான்கு மாதப் பேத்தி, கஞ்சித் தெளிவில் பனங்கட்டி கரைத்தால்தான் விழுங்குவாள். வெறும் தெளிவைத் துப்பிவிடுவாள். இந்த ஆடு ஈன்றால் பால் வரும் என்றுதான் நாங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

மிருக வைத்தியர் சோமசேகரம் ஆட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

“தீனைக் குறைச்சனீங்களோ?”

“ஓம் ஐயா,” என்றார் என் கணவர் மார்க்கண்டு. “குட்டி பெருத்தால் ஈனேக்கை கஷ்டப்படுமெண்டு குழையைப் பாதியாக்கினன்.”

“உள்ளை ரெண்டு கிடக்கு. அதுகளுக்குக் குடுக்கத் தீன் காணாமல், தன்ரை கொழுப்பையே உருக்கி இரத்தத்திலை விட்டிட்டுது. ஈரல் அவ்வளவையும் தாங்காது. இனிப்பு உடனை போகவேணும். என்னட்டைக் குளுக்கோஸ் இல்லை, எல்லாம் காயக்காரருக்குப் போட்டுது. பனங்கட்டியெண்டாலும் கரைச்சுப் பருக்குங்கோ. இல்லாட்டி மூண்டு உயிரும் போகும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அருந்ததி வயிற்றில் இருந்தபோது என் கணவருடைய தாயாரும் இதே நியாயம் சொல்லித்தான் எனக்கு அரை வயிற்றுக்குச் சோறு போட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், ஆட்டுக்கும் அதையே செய்திருக்கிறார்.

வீட்டில் மிஞ்சியிருந்தது பேத்திக்கென்று வைத்த, ஓலையில் பொதிந்த ஒரேயொரு குட்டான். ஓலையைப் பிரித்துப் பனங்கட்டி முழுவதையும் கரைத்தேன். என் கணவர் ஆட்டின் வாயைப் பிளந்து பிடிக்க, புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினேன். மத்தியானமாகியும் ஆடு அசையவில்லை.

வெறும் ஓலையைச் சுடுதண்ணீரில் அலசினேன். அரைச் சிரட்டை இனிப்புத் தண்ணீர் தேறியது. அருந்ததி பிள்ளையோடு வந்து நின்றாள். மணம் பிடித்த பிள்ளை வாயைத் திறந்தது.

“அம்மா, அதையெண்டாலும் இவளுக்குத் தாவன்.”

அதையும் ஆட்டின் வாயில் ஊற்றினேன். அருந்ததி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பொழுது சாயும் நேரம், அவர் நீட்டிய பூவரசங்குழையை ஆடு முகர்ந்தது. ஒரு இலையைக் கடித்தது. அவர் விம்மி அழுதார். என்னால் அழக்கூட முடியவில்லை. உள்ளே பேத்தி வெறும் கஞ்சித் தெளிவைத் துப்பித் துப்பி வீரிட்டுக்கொண்டிருந்தாள்.