ஹாலாஸ்யம் இறக்கிவைத்த பதினாறு கிலோ

ஹாலாஸ்யம் தொண்ணூற்றெட்டு கிலோ இருந்தார். அவருடைய தம்பி பத்ரி நாற்பத்தொன்று. சின்ன வயதில் இருவரும் ஒரே சைக்கிளில் டபுள்ஸ் போனவர்கள். இப்போது ஒரே சோபாவில் உட்கார்ந்தால் தம்பி தானாகவே சரிந்து அண்ணன்மேல் வந்து விழுந்தான்.

பத்ரியின் கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. அண்ணன் தன்னுடையதில் ஒரு பங்கை அறுத்துக் கொடுத்தால் பிழைப்பான், இல்லாவிட்டால் பொங்கல் தாண்டமாட்டான் என்று டாக்டர் சுஷ்மா சொல்லிவிட்டார். அண்ணனின் ரத்தம் பொருந்தியது. மனசு ஏற்கெனவே பொருந்தியிருந்தது. கொழுப்புதான் இடித்தது.

"உங்க லிவர்ல கொழுப்புப் படிஞ்சிருக்கு சார். பதினோரு வாரம் தாரேன். எண்பத்திரண்டுக்கு வாங்க. ஒரு கிலோ கூட இருந்தாலும் கத்தி வைக்கமாட்டேன். இன்னொண்ணு. கால் பிசகிடுச்சு, முதுகு பிடிச்சுக்கிச்சுன்னு வலி மாத்திரை போட்டுக்கிட்டு வந்தீங்கன்னா அந்த லிவர் எனக்கு வேணாம்."

மறுநாளே ஹாலாஸ்யம் ஜிம்மில் சேர்ந்தார். மூன்றாம் நாள் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறிக் குதிக்கச் சொன்னார்கள். குதித்தார். பெட்டி உயிரை விட்டது. அவருடைய வலது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியது. மாத்திரை போடக்கூடாது. நான்கு நாள் ஐஸ்கட்டியை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கூட்டுறவு அலுவலகத்தில் தன் நாற்காலியில் கிடந்தார்.

அங்கே அலுவலக உதவியாளர் அன்னக்கொடி. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். வீட்டில் காரி என்று ஒரு ஜல்லிக்கட்டுக் காளை வளர்த்தார். தேநீர் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு ஹாலாஸ்யத்தின் முழங்காலை உற்றுப் பார்த்தார்.

"எந்தக் கிறுக்குப்பய சார் ஒங்கள எடுத்த எடுப்புல குதிக்கவிட்டது?"

"அவன் சர்டிபிகேட் வச்சிருக்கான்மா."

"எங்க காரி ஐநூறு கிலோ. ஏழு வருசமா ஒரு நாள் நொண்டுனதில்ல. சர்டிபிகேட்ட மாட்டுக்கிட்ட காட்டச் சொல்லுங்க. நாளைக்கு மொத பஸ்ல வந்துருங்க. அவனுக்கும் பொங்கலுக்குள்ள ஒடம்ப இறுக்கணும், ஒங்களுக்கும் இறுக்கணும். ஒரே வேலையாப் போகும்."

அப்படித்தான் ஹாலாஸ்யம் ஒரு மாட்டோடு பயிற்சிக்குச் சேர்ந்தார்.

முதல் வாரம் கண்மாய்க்குள் நடை மட்டும், அதுவும் செருப்பில்லாமல், ஈரமண்ணில். அடுத்த வாரம் முழங்கால் அளவுத் தண்ணீரில். மூன்றாம் வாரம் நீச்சல். முன்னால் காளையின் திமில், பின்னால் ஹாலாஸ்யத்தின் வழுக்கை. அதற்கப்புறம்தான் மணல்மேட்டில் ஓட்டம். தினமும் கிளம்புமுன் அன்னக்கொடி காளையின் நான்கு காலையும் தொட்டுப் பார்ப்பார். அதே கையால் ஹாலாஸ்யத்தின் இரண்டையும் தொட்டுப் பார்ப்பார். மூட்டில் கொஞ்சம் சூடு தெரிந்தாலும் அன்றைக்கு ஓட்டம் கிடையாது.

"வலிச்சப்பறம் நிறுத்துறதுக்கு மனுசன் போதும். வலிக்கிறதுக்கு முன்னாடி நிறுத்தணும். அதுக்குத்தான் மாடு."

வீக்கம் வடிந்தது. எடை இறங்கியது. முதல் நான்கு கிலோ போன அன்று காலை, கண்மாயைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது, வந்த வழியை ஹாலாஸ்யம் பார்த்தார். ஈரமண்ணில் காளையின் குளம்புத் தடம். பக்கத்தில் அவருடைய அகலமான பாதம். அவருடையதற்குப் பின்னால், அதே இடைவெளியில், அதே போல வலது கால் கொஞ்சம் வெளியே திரும்பியபடி, கட்டைவிரல் அளவுக்கு இன்னொரு ஜோடிப் பாதம்.

"அன்னக்கொடி, இது என்னம்மா?"

அன்னக்கொடி குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஒங்களுதுதான் சார். எறங்குனது எங்கிட்டுப் போகும்? கொஞ்ச நாளைக்குப் பின்னாடியேதான் வரும்."

"பின்னாடியே வருமா?"

"காரிக்கும் போன வருசம் ஒண்ணு வந்துச்சு. கன்னுக்குட்டி கணக்கா. ஒண்ணும் செய்யாது. கூப்பிட்டுறாதீங்க, கூப்பிட்டா திரும்ப ஏறிக்கிரும். சோறு போட்டுறாதீங்க. வேற ஒண்ணுமில்ல."

காய்ச்சலுக்குக் கஷாயம் சொல்வதுபோல் சொல்லிவிட்டுக் காளையின் முதுகைத் தேய்க்கப் போய்விட்டார்.

ஏழு கிலோவில் காலடிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சதைப்பிடிப்பான பாதம் சப்புசப்பென்று சேற்றில் படும் சத்தம். ஹாலாஸ்யம் நின்றால் அதுவும் நின்றது. ஆனால் அரை நொடி கழித்து. பத்து கிலோவில் அதுவும் பஸ் ஏறிற்று. அலங்காநல்லூரிலிருந்து திரும்பும்போது அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். நின்றுகொண்டு வருகிறவர்கள்கூட அதில் உட்காரமாட்டார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியாது. இருக்கையின் ரெக்சின் மட்டும் நடுவில் குழிந்திருக்கும். ஒருநாள் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அந்தக் குழியைப் பார்த்தார், ஹாலாஸ்யத்தைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு அரை டிக்கெட் எடுக்கலையா சார்?"

ஹாலாஸ்யம் அரை டிக்கெட்டும் எடுத்தார்.

பன்னிரண்டு கிலோ இறங்கி எண்பத்தாறுக்கு வந்தார். அதோடு நின்றது. ஒரு நாள், ஐந்து நாள், பத்து நாள். கண்மாயை ஒன்றுக்கு மூன்று தடவை நீந்தினார். ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். எடை மெஷின் எண்பத்தாறைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பதினோராம் நாள் எண்பத்தேழு என்றது. ஆபரேஷனுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். போனில் பத்ரியின் குரல், வாளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது: "அவசரமில்லண்ணா. முடிஞ்சப்போ வா."

அன்னக்கொடி அவருடைய மூட்டைத் தொட்டார், சூடில்லை. அவருக்குப் பின்னால் மண்ணில் கிடந்த தடத்தை அளந்து பார்த்தார். அது ஐந்து வயதுப் பிள்ளையின் பாதம் அளவுக்கு விரிந்து, ஒரு விரற்கடை ஆழம் பதிந்திருந்தது. காரி அதைத் தாண்ட மறுத்து, மூச்சைச் சீறி, பின்வாங்கி நின்றது.

"யாரோ சோறு போடுறாங்க சார்."

"நானே சாப்பிடறதில்லையேம்மா!"

"ஒங்களுக்கில்ல. அதுக்கு. அது தின்னா ஒங்க ஒடம்புலதான் ஒட்டும். கயிறு கண்ணுக்குத் தெரியலைன்னா அத்துப்போச்சுன்னு அர்த்தமா?"

செல்லூர் வீட்டுக்குத் திரும்பி, மனைவி ஸ்யாமளாவைக் கேட்டார். அவர் கையில் கரண்டியோடு யோசித்தார்.

"நான் யாருக்குன்னா சோறு போடறேன்? நீங்களோ கஞ்சி குடிக்கறேள். காக்காய்க்கு வைக்கறதோட சரி."

காக்காய்க்கு வைக்காமல் அந்த வீட்டில் யாரும் சாப்பிட உட்கார்ந்ததில்லை. போய்ச்சேர்ந்த மாமனார் மாமியாரெல்லாம் காக்காயாக வந்து வாங்கிக்கொள்வதாக ஐதிகம். பத்ரி படுத்ததிலிருந்து ஸ்யாமளா அதைக் கொஞ்சம் பெரிதாகவே செய்துகொண்டிருந்தார். கணவர் தொடாத நெய்யையெல்லாம் அதில் ஊற்றி, பருப்பு போட்டுப் பிசைந்து, மேலே இரண்டு வடை. எவர்சில்வர் தட்டில் மொட்டைமாடிச் சுவரில் வைத்து, கொழுந்தனைக் காப்பாற்றிக் கொடுங்கள் என்று கும்பிட்டுவிட்டு வருவார்.

"இப்பல்லாம் காக்கா ரொம்ப சமர்த்துன்னா. ஒரு பருக்கை மிச்சம் வைக்கறதில்லை. தட்டைக் கழுவவே வேண்டாம், அப்படி நக்கி வச்சிருக்கு."

சொல்லி முடித்தபிறகுதான் ஸ்யாமளாவுக்கே கரண்டி நழுவியது.

இருவரும் மாடிக்குப் போனார்கள். நல்ல வெயில். தட்டு கண்ணாடியாக மின்னியது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏழெட்டுக் காக்காய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றும் கத்தவில்லை. ஒன்றும் இந்தப் பக்கம் பறந்து வரவில்லை. எல்லாம் ஹாலாஸ்யத்தின் இடுப்புக்குச் சற்றுக் கீழே, அவருக்குப் பின்னால், ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. நெய் வாசனை அடித்தது.

அன்றோடு காக்காய்ச் சோறு நின்றது. எடை மறுபடி இறங்கியது. ஆனால் பின்னால் வந்ததன் நடை மாறிவிட்டது. இதுவரை அரை நொடி தள்ளி வந்தது, இப்போது அவர் காலைத் தூக்குமுன்பே குதிகாலை மிதித்தது. நீந்தும்போது வேட்டி நுனியைப் பிடித்துத் தொங்கியது. மணல்மேட்டில் அவர் விழப்போன சமயம் காரி குறுக்கே வந்து நிற்க, அதன் விலாவில் சாய்ந்து தப்பித்தார். வீட்டில், கஞ்சி குடிக்கும்போது, டம்ளரின் மறுபக்கம் யாரோ மூச்சு விட்டதில் ஆவி கலைந்தது. சமயத்தில் அவருக்கே பரிதாபமாக இருந்தது. தன்னுடையதுதானே. நாற்பத்தைந்து வருஷம் பண்டிகை பண்டிகையாகத் தின்று சேர்த்தது. 'வா' என்று ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பியது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பகல், ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் அறை. பத்ரியைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள்; அவனை நேற்றே எடை போட்டாகிவிட்டது. நர்ஸ் ரெங்கம்மாள் மெஷினைக் காட்டினார்.

"ஏறி நில்லுங்கண்ணே. ஆடாதீங்க."

ஹாலாஸ்யம் ஏறினார். எண்பத்திரண்டு. நர்ஸ் பேனாவைத் திறந்தார். எண் எண்பத்தெட்டு என்றது. தொண்ணூற்றொன்று.

"ஆடாதீங்கன்னேன்ல!"

அவர் ஆடவில்லை. அவருடைய குதிகாலுக்குப் பின்னால், மெஷின் தகட்டில், குளிர்ந்த சின்னப் பாதம் ஒன்று ஏறியிருந்தது. மற்றொன்று ஏறிக்கொண்டிருந்தது.

"யாருண்ணா இது?" என்றான் பத்ரி.

அவன் கண் ஹாலாஸ்யத்தின் முகத்தில் இல்லை. இடுப்புக்குக் கீழே இருந்தது.

"உன் ஜாடையாவே இருக்கானே. சாப்பிட்டு நாளாச்சு போலருக்கு."

குதிகாலை அழுத்திய பாதம் நின்றது. பிறகு திரும்பியது. பின்னால் வர ஆரம்பித்ததிலிருந்து முதல் தடவையாக அது அவரை விட்டுவிட்டு வேறொருவரைப் பார்க்கிறது என்று ஹாலாஸ்யத்துக்குப் புரிந்தது. பதினோரு நாளாகப் பட்டினி கிடப்பது. எதிரே நாற்பத்தொரு கிலோ, அதில் பாதி எலும்பு. இப்போது கூப்பிட்டால் வந்துவிடும். வந்தால் மறுபடி தொண்ணூற்றெட்டு, டாக்டர் கத்தியைத் தொடமாட்டார், தம்பி போய்விடுவான். கூப்பிடாவிட்டால் மிச்சமிருக்கிற தம்பியையும் அது தின்றுவிடலாம். அவர் வாயைத் திறந்தார்.

பத்ரி சக்கர நாற்காலியில் சிரமப்பட்டு ஓரமாக ஒதுங்கினான். காலியான பாதி இருக்கையைக் கையால் தட்டினான்.

"வாடா. நெறைய எடமிருக்கு."

ஹாலாஸ்யம் வாயை மூடிக்கொண்டார்.

நாற்காலி கிறீச்சென்றது. இரண்டு டயரும் தரையோடு அமுங்கின. மெஷின் எண்பத்திரண்டு என்று காட்டி, அப்படியே நின்றது. நர்ஸ் எழுதிக்கொண்டார். பத்ரியைத் தள்ளிக்கொண்டு போக வந்தவர், "என்னங்க, ஆளு ஒட்டடைக் குச்சியா இருக்காரு, வண்டி இம்புட்டு கனக்குது!" என்று முனகிக்கொண்டே வராந்தாவில் திரும்பினார். ஹாலாஸ்யம் மெஷினைவிட்டு இறங்கி நடந்தார். பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு இருவரையும் உள்ளே கொண்டுபோனார்கள். சாயங்காலம் டாக்டர் சுஷ்மா வெளியே வந்து, அறுத்தது நன்றாக இருந்தது, ஒட்டியது நன்றாக ஒட்டிக்கொண்டது என்று ஸ்யாமளாவிடம் சொன்னார். தம்பியின் உடம்பு ஸ்கேனில் பார்த்ததைவிடக் கொஞ்சம் தேறியிருந்ததுபோல் தோன்றியதாகவும் சொன்னார். அதற்கு அவரிடம் காரணம் இல்லை.

மூன்றாம் நாள் ஹாலாஸ்யத்தைத் தம்பியின் கட்டில்வரை நடத்திக்கொண்டுபோய்க் காட்டினார்கள். பத்ரியின் கன்னம் உப்பியிருந்தது. மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை சதைக்குள் பதிந்திருந்தது. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவனுடைய வலது பாதம் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது.

"வலிக்குதாடா?"

மூன்று நாளாகக் குளுக்கோஸைத் தவிர உள்ளே ஒன்றும் இறங்காத பத்ரி மெதுவாகக் கண்ணைத் திறந்தான்.

"இல்லண்ணா. வயிறுதான் திம்முனு இருக்கு. எல்லாத்துலயும் நெய்யக் கொட்டி வச்சிருக்கா மன்னி."